ஐந்தாவது கிண்ணம்

என் வீட்டுக் கண்ணாடி அலமாரியில், விருந்தாளிகளுக்கென்று மனைவி அடுக்கி வைத்திருக்கும் நல்ல பீங்கான்களுக்கு நடுவே, பொருந்தாமல் ஒரு கிண்ணம் இருக்கிறது. கைப்பிடி கிடையாது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ரங்கூன் டீக்கடைகளில் உட்கார்ந்ததும் கேட்காமலேயே ஒரு பிளாஸ்க் பச்சைத் தேநீர் கொண்டுவந்து வைப்பார்களே, அதை ஊற்றிக் குடிக்கிற சாதாரணக் கிண்ணம். விளிம்பில் ஒரு பல் உடைந்திருக்கிறது. போன மழைக்காலம் முழுக்க அது வாய் மேலே பார்க்க நிமிர்ந்தே நின்றது. "தூசு விழுது பாருங்க, கவுத்தாச்சும் வைக்கக் கூடாதா?" என்று மனைவி பல தடவை கேட்டுவிட்டாள். கவிழ்க்க இரண்டு விரல் போதும். பதினான்கு வருஷமாக என்னால் முடியாமல் போன வேலை அது ஒன்றுதான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

அந்தக் கிண்ணம் ரங்கூனின் பசுந்தாங் பேட்டையில் இருந்த ஹாஜியார் டீக்கடையைச் சேர்ந்தது. ஓடைப்பக்கம் போகிற தெருவில், இரும்புப் பட்டறைகளுக்கு இடையில் இருந்த கடை. உள்ளே சுவரோரமாக ஒரு மேசை. அதன்மேல் ஒரு கண்ணாடித் தகடு, தகட்டுக்கு அடியில் பழைய நாட்காட்டித் தாள் ஒன்று. தாளின் பின்பக்கத்தில் தையல் மாஸ்டரின் கையெழுத்தில், கறுப்பு மையில், பர்மாவில் பந்தாடியவர்களிலேயே எந்தக் காலத்துக்கும் பெரிய ஆள்கள் என்று அந்த மேசைக்காரர்கள் ஒப்புக்கொண்டவர்களின் பெயர்கள். பர்மியர், கரென், சின், நம் ஆள் என்ற வித்தியாசமில்லாமல் எல்லாப் பெயரும் தமிழ் எழுத்தில்தான் இருக்கும். மொத்தம் பத்துப் பெயர். பதினோராவது இடமான இடது விங்கில் வெறும் கோடு மட்டும் போட்டிருந்தது. அந்த இடத்துக்கு யாரைச் சொன்னாலும் நால்வரில் ஒருவருக்குப் பிடிக்காது. நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே அந்தக் கோடு அப்படியே கிடந்ததாகச் சொல்வார்கள்.

நால்வர் என்றால் கடைக்கார ஹாஜியார், எதிர்ச்சாரியில் தையல் மிஷின் போட்டிருந்த மாஸ்டர், ரயில்வே யார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐயா, அப்புறம் ஊஜீ. ஊஜீ பர்மாக்காரர். ஒரு காலத்தில் பெரிய ஆட்டங்களுக்கெல்லாம் ரெஃபரியாக விசில் ஊதியவர். எங்கள் தெருவிலேயே இருந்து இருந்து தமிழ் நன்றாகப் பேசுவார், கோபம் வந்தால்தான் பர்மியம். இவர்கள் வைத்துக்கொண்ட சட்டம் ஒன்று உண்டு. ஒரு பெயர் தாளில் ஏற வேண்டுமென்றால் மேசையில் ஐந்து கிண்ணம் கவிழ வேண்டும். நான்கு அவர்களுடையது. ஐந்தாவது, அந்த ஆட்டக்காரனோடு கூட நின்று ஆடிய ஒருவனுடையது. வெளியிலிருந்து பார்க்கிறவன் கண்ணுக்குத் தப்புவது பக்கத்தில் நிற்கிறவன் கண்ணுக்குத் தப்பாது என்பது ஊஜீயின் வாதம். ஒரு கிண்ணம் நிமிர்ந்து நின்றாலும் பேனா மூடியைத் திறக்க மாட்டார் மாஸ்டர்.

என் மச்சானை அந்தக் கோட்டின்மேல் ஏற்றலாமா என்பதுதான் தொண்ணூறுகளின் நடுவில் இரண்டு வருஷம் அந்த மேசையில் ஓடிய பேச்சு. மச்சான் என் தாய்மாமன் மகன். எனக்கும் அவனுக்கும் நான்கு மாதம்தான் வித்தியாசம். ஒரே கட்டடத்தில் அவர்கள் இரண்டாம் மாடி, நாங்கள் மூன்றாம் மாடி. பந்து பழகியது கட்டடத்துக்குப் பின்னால் இருந்த சந்தில். அது ஆறடி அகலம்கூட இருக்காது. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் திறந்த சாக்கடை. பந்து சாக்கடையில் விழுந்தால் வாங்க நின்றவன்தான் இறங்கி எடுக்க வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம். நான் எப்போதும் தெருமுனையிலிருந்து அடிக்கிறவன், அவன் எப்போதும் பட்டறைக் கதவோரம் நின்று வாங்குகிறவன். முதல் வாரம் அவன் எத்தனை தடவை சாக்கடையில் இறங்கினான் என்று சொல்ல முடியாது. மாமி அவனை வீட்டுக்குள் விடாமல் வாசலிலேயே தண்ணீர் ஊற்றினார். அதற்கப்புறம் பந்து அவன் காலில் உட்கார ஆரம்பித்தது. எந்த உயரத்தில் வந்தாலும், எவ்வளவு வேகமாக வந்தாலும், புறங்காலில் வாங்கிச் சத்தமில்லாமல் கீழே வைப்பான். ஓடப்போகிறான் என்றால் இடது சட்டைக்கையை ஒரு தடவை இழுத்துவிட்டுக்கொள்வான். நான் அதைப் பார்த்து அனுப்புவேன். எண்பத்தெட்டில் மூடிய கல்லூரிகள் திறந்து நாங்கள் இருவரும் ஒரே கல்லூரியில் சேர்ந்தபோது அவன் இடது விங், நான் ரைட் ஹாஃப். அந்தச் சந்து கொஞ்சம் அகலமாகிவிட்டது, அவ்வளவுதான்.

இனிமேல் சொல்லப்போவதற்கு வேறு அழகான பெயர் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. பொறாமை. அசல் பொறாமை. அவன் கோல் போட்டால் கூட்டம் அவன் பெயரைச் சொல்லிக் கத்தும். நாற்பது கெஜத்துக்கு அப்பாலிருந்து, இரண்டு பேர் தலைக்கு மேலே, அவன் காலுக்குச் சரியாக அந்தப் பந்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் யார் என்று ஒரு பயல் திரும்பிப் பார்க்க மாட்டான். தெருவில் எனக்குத் தபால்காரன் என்று பெயர் வைத்திருந்தார்கள். அன்பாகத்தான் வைத்தார்கள், ஆனால் கடிதத்தைப் பிரித்துச் சந்தோஷப்படுகிறவர்கள் தபால்காரனுக்கு உட்கார நாற்காலியா போடுகிறார்கள்? பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் அவனுக்கு இடம் ஒதுக்கி, என்னைப் படியில் தொங்கவிடுவான். கல்லூரியில் என்னிடம் முதன்முதலாகத் தானே வந்து பேசிய பெண், "நீங்க அவருக்குச் சொந்தமாமே?" என்றுதான் ஆரம்பித்தாள். அதையெல்லாம்கூட விழுங்கிவிடலாம். என் சொந்த உம்மா, என்னைப் பெற்ற உம்மா, அவன் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் நடுத்துண்டு மீனை எடுத்து அவன் தட்டில் வைப்பார். "ஆடுற புள்ள, நல்லா சாப்பிடட்டும்." நான் மட்டும் அங்கே குடை பிடித்துக்கொண்டா நின்றேன்? வால் துண்டைக் கடித்துக்கொண்டே அவன் முகத்தைப் பார்ப்பேன். அவனோ, நான் தொடமாட்டேன் என்று தெரிந்தும், பாதியைப் பிய்த்து என் தட்டில் போடுவான். அவன்மேல் எனக்கு இருந்த கோபத்திலேயே பெரிய கோபம் அதுதான். கொஞ்சம் கர்வம் இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன்.

ஹாஜியார் கடைப் பேச்சு ஞாயிறு சாயங்கால ஆட்டம் முடிந்ததும் ஆரம்பிக்கும். அடுத்த மேசையில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்பேன். முதலில் விழுந்தவர் தையல் மாஸ்டர். "அளவெடுத்துத் தச்ச மாதிரி உக்காருதுய்யா பந்து" என்று சொல்லி முதல் வருஷமே தன் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டார். ஹாஜியாருக்கு என் மச்சான்மேல் அளவு கடந்த பிரியம். அவனைக் குறைத்துப் பேசுகிறவர்களுக்கு டீ வர நேரமாகும். ரயில்வே ஐயாதான் எதிர்க்கட்சி. "காலேஜ்ல நல்லா ஆடுனா போதுமா? எத்தனை காலேஜ் பையன்களைப் பாத்திருக்கேன். படிப்பு முடிஞ்சா பந்தும் முடிஞ்சு போகும். இந்தத் தாள்ல இருக்கிறவங்க பத்து வருஷம், பதினஞ்சு வருஷம் அடி வாங்கி நின்னவங்க" என்பார். "தலைப்பந்து வருதா அவனுக்கு? சொல்லுங்க. பந்து மேல வந்தா ஆமை மாதிரி கழுத்த உள்ள இழுத்துக்கிறான்." இது உண்மை. தலைப்பந்து மட்டும் அவனுக்கு வரவே வராது. ஐயா அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு டீ இனிக்கும். "விங்குல ஆடுறவனுக்குத் தலை எதுக்குய்யா, காலு போதும்" என்பார் மாஸ்டர். "அப்ப உங்களுக்கும் தலை வேணாம், கத்திரி போதும்" என்பார் ஐயா. ஹாஜியார் டீக்கரண்டியை ஓங்குவார். ஊஜீ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இன்னும் ஒரு மழை பாக்கலாம்" என்று எழுந்து போவார். இரண்டாவது மழைக்காலத்தில் ஊஜீயின் கிண்ணம் கவிழ்ந்தது. ஹாஜியாருடையது எப்போதோ கவிழ்ந்துவிட்டது. ஐயா மட்டும் பாக்கி. ஒரு ஞாயிறு, கொட்டுகிற மழையில், நான் அடித்த உயரப் பந்து ஒன்றை ஓடிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், தோளுக்கு மேலாக வந்ததைப் புறங்காலில் வாங்கி, அதே நடையில் கோலுக்குள் தள்ளினான் மச்சான். ஆட்டம் முடிந்து ஐயா கடைக்குள் வந்தார். குடையை மடக்கவில்லை, உட்காரவில்லை. மேசைக்குப் போய்த் தன் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு, "எனக்கு வயசாயிருச்சு போல, கண்ணு கலங்குது" என்று சொல்லி வெளியே போய்விட்டார். அந்தப் பந்தை அனுப்பியது நான். யாரும் அதைச் சொல்லவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

மறுவாரம் ஊஜீ என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். "வா, வந்து உக்காரு. அஞ்சாவது கிண்ணம் ஒன்னோடது." உடைந்த பல்லோடு ஒரு கிண்ணத்தை என் முன்னால் வைத்துத் தேநீர் ஊற்றினார் ஹாஜியார். நான்கும் கவிழ்ந்திருந்தன. மாஸ்டர் பேனா மூடியைக் கையில் திருகிக்கொண்டிருந்தார். மச்சான் அன்று கடையில் இல்லை, அவனுக்கு இந்த மேசைச் சங்கதியில் அக்கறையும் இல்லை. நான் தேநீரைக் குடித்தேன். கவிழ்த்திருக்கலாம். என் வாழ்க்கையில் முதல் தடவையாக நான்கு பெரிய மனிதர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவனைப் பற்றிக் கேட்கத்தான் பார்க்கிறார்கள் என்பதை நினைத்ததும் உள்ளே ஏதோ எரிந்தது. "நல்ல பந்து வந்தா யாரு வேணும்னாலும் எடுப்பாங்க. அவனுக்கு இதுவரைக்கும் வந்ததெல்லாம் நல்ல பந்து. கெட்ட பந்து வரட்டும், அப்ப பாக்கலாம்" என்றேன். கிண்ணத்தை நிமிர்த்தியே வைத்தேன். ஐயா மேசையில் தட்டினார். "இது பேச்சு. பையன் சொல்றதுல ஞாயம் இருக்கு." ஊஜீ மட்டும் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "சரி. அதையும் பாப்போம்" என்றார்.

அடுத்த ஞாயிறு ஆட்டத்துக்கு ஒரு ஸயா வருவதாக இருந்தது; சொல்லிக்கொடுக்கிற வாத்தியாரைப் பர்மியத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அந்தக் காலத்தில் பெரிய அணிகளெல்லாம் அரசாங்க இலாகாக்களுடையவை. அணியில் எடுத்தால் இலாகாவில் வேலையும் உண்டு. ஓர் இலாகாவின் பயிற்சியாளரான அந்த ஸயாவுக்கு ஒரு விங்கும் ஒரு ஹாஃபும் தேவை என்று கேள்வி. எங்கள் இருவரையும் பார்க்கத்தான் வருகிறார் என்று பசுந்தாங் முழுக்கப் பேச்சு. வாப்பாவின் குடைக்கடையில் ஆயுசுக்கும் குடை விரித்துக் காட்டுவதிலிருந்து தப்பிக்க எனக்கு இருந்த ஒரே வழி அது. மச்சானுக்கோ பந்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. என் மூளை ஒரு திட்டம் போட்டது. முதல் பாதியில் அவனுக்குக் கெட்ட பந்தாகக் கொடுப்பது. அவன் தடுமாறுவான். இரண்டாம் பாதியில் வழக்கம்போல நல்ல பந்து கொடுப்பது. அவன் ஆடுவான். பார்க்கிற ஸயாவுக்கு, ஆட்டம் யார் காலில் இருக்கிறது என்று தெரியும். ஹாஜியார் மேசைக்கும் தெரியும். நினைக்கும்போது எவ்வளவு சுலபமாக இருந்தது!

கல்லூரி மைதானத்தில் அன்று கணுக்கால் அளவு தண்ணீர். வேலியோரம் ஒரு தார்ப்பாய்க்குக் கீழே நால்வரும் நின்றார்கள். கொஞ்சம் தள்ளிக் கறுப்புக் குடையில் ஸயா. மச்சான் சட்டைக்கையை இழுத்துவிட்டான். பார்த்தேன். பார்த்துவிட்டு, அவன் ஓடிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக, முதுகுக்குப் பின்னால், சுழலவிட்டு அடித்தேன். ஓடிக்கொண்டிருந்தவன் அந்தரத்தில் திரும்பி, குதிகாலால் தொட்டு முன்னால் கொண்டுவந்தான். தற்செயல் என்று நினைத்தேன். அடுத்ததைத் தேங்கிய குட்டைக்கு நடுவில் போட்டேன், பந்து செத்து நிற்கும்படி. ஃபுல்பேக் அங்கே வழுக்கி விழுந்தான். இவன் நின்ற நிலையில் பெருவிரலால் பந்தைத் தண்ணீரிலிருந்து கிள்ளி எடுத்துத் தூக்கிக்கொண்டு போனான். மூன்றாவது பந்தை இடுப்பு உயரத்துக்கு, கல் எறிவதுபோல அடித்தேன். அதைத் தொடையில் வாங்கியபோது தலையைத் திருப்பி என்னை ஒரு பார்வை பார்த்தான். அவ்வளவுதான். மறுபடியும் சட்டைக்கையை இழுத்துவிட்டுக்கொண்டான். பாதி ஆட்டத்தில் நிறுத்திவிடத்தான் நினைத்தேன். முடியவில்லை. ஒரு பந்தாவது அவன் காலை விட்டு நழுவ வேண்டும், ஒன்றே ஒன்று, அதைப் பார்த்துவிட்டால் போதும் என்று வெறி பிடித்துவிட்டது. நீளமாக அடித்தேன், குட்டையாக அடித்தேன், கோட்டுக்கு வெளியே போகிற மாதிரி அடித்தேன். என் காலுக்குத் தெரிந்த கெட்ட பந்தெல்லாம் அன்று தீர்ந்தது. அவன் ஒன்றையும் விடவில்லை. சாக்கடைப் பக்கம் போன பந்தைச் சந்தில் எப்படி விடமாட்டானோ அப்படி. தானே ஒரு கோல் போட்டான், இன்னும் இரண்டு பேருக்குப் போடக் கொடுத்தான். தார்ப்பாய்க்குக் கீழே ஹாஜியார் "மாஷா அல்லாஹ்! மாஷா அல்லாஹ்!" என்று கத்திக்கொண்டே இருந்தார். அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்த எந்த ஆட்டமும் அதற்கு ஈடு கிடையாது. வயிறு எரிய எரியப் பார்த்தேன்.

ஆட்டம் முடிந்து எல்லோரும் ஹாஜியார் கடைக்குத்தான் வந்தார்கள், ஸயாவும் வந்தார். மச்சான் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு ஓரமாக நின்றான். ஸயா டீயை உறிஞ்சிவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஒனக்கு இன்னிக்குக் காலுக்கு என்ன? ஒரு பந்துகூட ஒழுங்கா வரலியே." நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் சொன்னான்: "இல்ல ஸயா. பந்து சரியாத்தான் வந்துச்சு. நாந்தான் நிக்க வேண்டிய எடத்துல நிக்கல. அதான் திரும்பித் திரும்பி எடுக்க வேண்டியதாப் போச்சு." ஸயா அவனை ஏற இறங்கப் பார்த்தார். ஆட்டக்காரனே தன் வாயால் தன் தப்பைச் சொல்லும்போது யார்தான் நம்பமாட்டார்கள்? "அப்ப நிக்கக் கத்துக்கணும். ரெண்டு பேரும் அடுத்த வருஷம் வாங்க, பாக்கலாம்" என்று சொல்லிக் குடையை எடுத்தார்.

அவர் போனதும் நால்வரும் மேசைக்கு வந்தார்கள். நான்கு கிண்ணங்கள் மறுபடியும் டக் டக்கென்று கவிழ்ந்தன. ஐயாவின் முகம் மழை முடிந்த வானம் மாதிரி இருந்தது. ஊஜீ என்னைக் கேட்டார்: "என்னாப்பா, கெட்ட பந்துதானே கேட்ட? பாத்தாச்சா?" எனக்கு மூன்றே வார்த்தைதான் தேவைப்பட்டது. நான் வேண்டுமென்றே போட்டேன். அதைச் சொன்னால் மாஸ்டரின் பேனா திறக்கும், அந்தக் கோட்டின்மேல் அவன் பெயர் ஏறும், யாராவது ஓடிப்போய் முக்கு திரும்புவதற்குள் ஸயாவை நிறுத்திவிடலாம். ஆனால் அப்புறம் நான் அந்தத் தெருவில் தலைகாட்ட முடியாது. மச்சானைப் பார்த்தேன். துண்டுக்குள்ளிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. "அவனே சொல்றானே, பந்து சரியாத்தான் வந்துச்சுன்னு" என்றேன். மாஸ்டர் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். ஊஜீ என் கிண்ணத்தை எடுத்து, மிச்சத் தேநீரைக் கொட்டிவிட்டு, கடிகாரத்துக்குப் பக்கத்துப் பலகையில் நிமிர்த்தி வைத்தார். "இது ஒன்னோட கிண்ணம். நீதான் கவுக்கணும். என்னிக்குத் தோணுதோ அன்னிக்கு வா."

அடுத்த வருஷம் என்று ஒன்று எங்களுக்கு வரவில்லை. அந்த வருஷக் கடைசியில் கல்லூரிகளுக்கு மறுபடி பூட்டு விழுந்தது. திறந்தபோது எங்களுக்கு ஆடுகிற வயது தாண்டிவிட்டது. ஸயா மாற்றலாகி வடக்கே எங்கோ போய்விட்டதாகச் சொன்னார்கள். நான் வாப்பாவின் கடையில் குடை விரித்துக் காட்ட உட்கார்ந்தேன், இன்றுவரை காட்டிக்கொண்டிருக்கிறேன். மச்சான் க்யிம்யிண்டைங் படகுத்துறையில் மீன் ஏலத்துக்குப் போனான். கல்யாணம் செய்துகொண்டு ஓடையைத் தாண்டித் தாகேதாவில் குடியேறினான். ஹாஜியார் கடைக்கு நான் போகும்போதெல்லாம் கண் தானாகப் பலகைக்குப் போகும். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அதுதான் தாங்கவில்லை. முதலில் மாதம் ஒரு முறையாகக் குறைத்தேன், பிறகு டீக்கடையையே மாற்றிக்கொண்டேன். அந்த மேசையில் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். ஐயா முதலில், அப்புறம் மாஸ்டர், அப்புறம் ஹாஜியார். மையத்து அடக்கத்துக்குப் போனேன், துக்கத்துக்குப் போனேன், கடைக்குள் போகவில்லை.

போன மழைக்கு முன்னால் ஹாஜியாரின் மகன் கடையை விற்றான். கட்டடத்தை இடித்து அடுக்குமாடி கட்டப்போகிறார்கள். சாமான்களை அள்ளுகிற அன்று ஊஜீ கைத்தடியை ஊன்றிக்கொண்டு என் குடைக்கடைக்கு வந்தார். எண்பது தாண்டிவிட்டது, ஆனால் விசில் ஊதுகிறவர்களுக்கே உரிய அந்த நிமிர்ந்த நடை போகவில்லை. லுங்கி மடிப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். கிண்ணம். "மேசையும் போச்சு, தாளும் செல்லரிச்சுப் போச்சு. இதக் குப்பையில போட எனக்கு மனசு வரல" என்றார். போகும்போது திரும்பி, "நான் நாப்பது வருஷம் விசில் ஊதுனவன். வேணும்னு அடிச்ச பந்துக்கும் தெரியாம அடிச்ச பந்துக்கும் வித்தியாசம் தெரியாதுன்னு நெனச்சியா?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு ஒரு குடையை மடக்கினேன். அது ஏற்கெனவே மடக்கிய குடை.

மழை விட்டதும் ஒரு ஞாயிறு பாலத்தைத் தாண்டித் தாகேதாவுக்குப் போனேன். மச்சான் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தான். தொப்பை விழுந்துவிட்டது. அவன் மனைவி, "வாங்கண்ணே, இப்பத்தான் வழி தெரிஞ்சதா?" என்று தேநீர் வைத்துவிட்டு உள்ளே போனாள். வரும் வழியெல்லாம் கோத்து வைத்திருந்த பேச்சு அவனைப் பார்த்ததும் மறந்துபோய், ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். கெட்ட பந்து, கிண்ணம், கோடு, நான் சொன்ன சொல், சொல்லாத சொல். அவன் இறாலை உரித்துக்கொண்டே கேட்டான்.

"ஒன் காலு எனக்குத் தெரியாதா மச்சான்? அந்தச் சந்துல ஒன் பந்தத்தானே வாங்கிக்கிட்டுக் கெடந்தேன். மூணாவது பந்துலயே தெரிஞ்சு போச்சு, நீ வேணும்னுதான் போடுறேன்னு" என்றான். அவனுக்கும் நான் மச்சான்தான்.

"அப்புறம் ஏண்டா சரியா வந்துச்சுன்னு சொன்ன?"

"பின்ன? ரெண்டு எடம் இருக்குன்னாங்க. ஒன்ன விட்டுட்டு நான் மட்டும் அங்க போயி என்ன பண்றது? எவன் எனக்குப் பந்து போடுவான்?" தோலை வாளியில் போட்டான். "அந்தத் தாளு, கிண்ணம் எல்லாம் நான் அப்பக் காதுலயே போட்டுக்கல. அதுல பேரு எழுதியிருந்தா நான் இன்னும் ரெண்டு கோல் போட்டிருப்பேனா? விடு. ஆனா ஒண்ணு சொல்றேன். அன்னிக்கு ஆடுன மாதிரி நான் அதுக்கு முன்னயும் ஆடல, பின்னயும் ஆடல. ராத்திரி தூக்கம் வரலேன்னா அந்தப் பந்துங்களத்தான் ஒவ்வொண்ணா நெனச்சுப் பாத்துக்குவேன். தண்ணிக்குள்ள ஒண்ணு போட்ட பாரு! யா அல்லா! அந்த மாதிரி பந்து வேற எவன் மச்சான் போடுவான்?"

சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தான். உண்மையாகவே சந்தோஷமாகச் சிரித்தான். நான் மன்னிப்புக் கேட்கப் போனவன். மன்னிக்க அவனிடம் ஒன்றுமே இல்லை. பதினான்கு வருஷமாக நான் முள்ளாகச் சுமந்ததை இவன் பொக்கிஷமாக வைத்துக்கொண்டு தினம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். நான் செய்த துரோகத்தையும் புறங்காலில் வாங்கிச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டான். அதை நினைத்து எனக்கு அழுகை வந்ததா, ஆத்திரம் வந்ததா என்று கேட்டால், இரண்டும் வந்தது, ஆத்திரம்தான் முதலில் வந்தது. மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது அவன் மனைவி பெரிய இறாலையெல்லாம் பொறுக்கி அவன் தட்டில் வைத்தாள். அவன் பாதியை அள்ளி என் தட்டில் போட்டான். இந்தத் தடவை சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் அலமாரியைத் திறந்தேன். மேசை இல்லை, தாள் இல்லை, மாஸ்டரின் பேனா இல்லை. கிண்ணத்துக்குள் ஒரு மழைக்காலத்துத் தூசு. துண்டால் துடைத்தேன். உடைந்த பல்லை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தேன். பிறகு கவிழ்த்து வைத்தேன். இரண்டு விரல் போதும் என்று சொன்னேனே, சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன். பின்னால் வந்து நின்ற மனைவி, "அப்பாடா, இப்பவாச்சும் தோணுச்சே" என்றாள். எந்தக் காலத்துக்கும் பெரிய ஆட்டக்காரன் என் மச்சான். ஐந்து கிண்ணமும் கவிழ்ந்தாயிற்று. கதவைச் சாத்திக்கொண்டே, யாருக்கும் கேட்காமல் எனக்குள் ஒன்று சொல்லிக்கொண்டேன்: தலைப்பந்து மட்டும் அவனுக்கு வராது.